கேப்டனைத் தாண்டக் கூடாது

காலை ஆறு மணிக்குக் கிளம்பியதிலிருந்து ஆர்மெல்லின் கண் இரண்டு பொருள்களை விட்டு நகரவில்லை. ஒன்று, சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டியிருந்த கைக்கடிகாரம். மற்றது, அதன் பக்கத்தில் வேகம் காட்டும் சின்னப் பெட்டி. இருபுறமும் கடுகு வயல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வேலிக்கு அப்பால் வெள்ளை மாடுகள் படுத்து அசைபோட்டன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தச் சின்ன ரோட்டில் ஒரு டிராக்டர்கூட இல்லை. அதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் பின்னால் வருகிறவர்கள்தான். முன்னால் போகிறவளுக்குக் கடிகாரமும் எதிர்க்காற்றும்தான் மிச்சம்.

மணிக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது பந்தயமில்லை. பந்தயமாக இருந்தால்கூடத் தேவலை, முடிந்தவன் முந்துவான், முடியாதவன் பிந்துவான், அவரவர் பாடு. இங்கே பதினேழு பேரும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகத் தின்று, ஒன்றாக வந்து சேர வேண்டும். இருநூறு கிலோமீட்டர். முன்னால் கேப்டன். அவளை எவனும் தாண்டக் கூடாது. கடைசியில் இன்னொருவன் விசிலோடு வருவான், யாராவது பின்தங்கினால் ஊதுவான். எவருக்காவது பஞ்சரானால் எல்லோரும் நின்று காத்திருக்க வேண்டும். ஆனால் காலில் தெம்பில்லாமல் பின்தங்கினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பின்னாலேயே ஊர்ந்து வரும் வேனில் ஏற்றிவிடுவார்கள், அவரவர் பையில் வைத்திருக்கும் மஞ்சள் பயண அட்டையில் குறுக்கே ஒரு கோடு விழும். அறுபது வருடமாக அந்தச் சைக்கிள் சங்கத்தில் இதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் காத்தவன் லியோன்ஸ், ஆர்மெல்லின் கணவன். இருபத்திரண்டு வருடம் அவன்தான் கேப்டன். ஆறு வருடத்துக்கு முன்பு முதுகுவலி வந்து, கடிகாரத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நடுவே போய்ச் சேர்ந்தான். வீட்டில் அவளை ‘நீ, வா, போ’ என்பவன், ரோட்டில் மட்டும் ‘கேப்டன், சொல்லுங்க’ என்பான். பாதி கேலி, பாதி மரியாதை.

இந்த ஜனவரியில் அவனுக்கு நிமோனியா வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தவன் அடுப்பங்கரை ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான், சவரமில்லை, பேச்சில்லை. சூப்பை முன்னால் வைத்தால் அது ஆறி ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். மார்ச்சில் ஒருநாள் எழுந்து, கொட்டகையில் கிடந்த சைக்கிளின் டயருக்குக் காற்றடித்தான். அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“மே மாசம் இருநூறு ஓட்டுவேன்,” என்றான். “ஓட்டி முடிச்சா ஓட்டினேன். வேன்ல மட்டும் ஏத்தினீங்கன்னா, அன்னைக்கே சைக்கிள வித்துடுவேன். அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது.”

சொன்னதைச் செய்கிற ஜாதி அவன். சைக்கிள் போனால் மறுபடியும் அந்த ஜன்னல்தான், அடுத்த குளிர்காலம் அவனைத் திருப்பித் தராது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அன்றைக்கு அவள் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனது பதினாறு பேரை இல்லை. ஒரே ஒருவனை.

அறுபதாவது கிலோமீட்டரில் முதல் பஞ்சர். கடைசியில் விசிலோடு வரும் ஒக்தாவ்தான் கையைத் தூக்கினான். ஆர்மெல் இறங்கிப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தாள். லியோன்ஸ் ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒக்தாவின் டயரோ காற்று குறையாமல் கல் மாதிரி இருந்தது. ஒக்தாவ் அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

கேப்டன் என்றால் அந்த இடத்திலேயே அவன் காதைத் திருகியிருக்க வேண்டும். “நல்லாப் பாத்து மாத்து ஒக்தாவ்,” என்றாள் ஆர்மெல். “அவசரமில்ல.”

ஆறு வருடத்தில் அவள் வாயிலிருந்து ‘அவசரமில்ல’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கேட்டார்கள். ஒருத்தி வாழைப்பழம் உரித்தாள், ஒருவன் வேலியோரம் ஒதுங்கினான். ஒக்தாவ் ஐந்து நிமிடம் காற்றை இறக்கிக் காற்றை ஏற்றினான்.

பிறகு அவள் வேகத்தைத் திருட ஆரம்பித்தாள். இருபத்திரண்டரை இருபத்தொன்றாயிற்று, ஏற்றத்தில் பதினான்காயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அங்கிருந்த ஒவ்வொருவரின் காலுக்கும் இருபத்திரண்டரை எது, இருபத்தொன்று எது என்று தூக்கத்தில்கூடத் தெரியும். மெதுவாகப் போவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் எதிர்க்காற்றில் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் பெருமூச்சுகளைக் காதால் எண்ணியபடி, அதில் அவன் மூச்சு எது என்று பிரித்துக் கேட்டபடி, அரை கிலோமீட்டர் கூட்டுவதும் குறைப்பதுமாக அவள் போனாள். தோள்பட்டை இரும்பாகக் கனத்தது. அறுபத்து நான்கு வயதில் இது தேவையா என்று அவளுக்கே தோன்றியது.

மதியச் சாப்பாட்டுக்கு வழியில் ஓர் ஊர் மண்டபத்தில் போய் நின்றபோது பதினொரு நிமிடம் தாமதம். சமையல்காரப் பெண்மணி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

“வருஷா வருஷம் உங்களப் பாத்துதான் எங்க ஊர்க் கடிகாரத்தையே சரி பண்ணுவோம்,” என்றாள். “இன்னைக்கு என்ன, வழியில தூங்கிட்டீங்களா?”

“பஞ்சர்,” என்றாள் ஆர்மெல்.

“பதினொரு நிமிஷப் பஞ்சரா? பருப்பு குழைஞ்சு போச்சு. குழைஞ்சதத்தான் தின்னணும்.”

குழைந்த பருப்பையும் தொத்திறைச்சியையும் தின்றார்கள். லியோன்ஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். வழக்கமாகக் குடிக்கும் அரை டம்ளர் ஒயினைத் தொடவில்லை. ஆர்மெல் எதிரே உட்கார்ந்து பார்க்காத மாதிரிப் பார்த்தாள்.

“எப்பிடி இருக்கு?” என்றாள்.

“காத்து அதிகம்,” என்றான். “கேப்டன்தான் பாவம்.”

“கேப்டனுக்கென்ன, கேப்டன் குதிர மாதிரி இருக்கா. நீ சாப்பிடு.”

“சாப்பிடறேன், சாப்பிடறேன்,” என்று பிய்த்த ரொட்டியில் ஒன்றை வாயில் போட்டான்.

நூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில் மருந்துக்கடை புளோரினுக்குப் பஞ்சர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், காதுவரை சிவந்துபோய் நின்றாள். லியோன்ஸ் புல்லில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினான். எட்டு நிமிடம் போனது. பின்னால் வேன் ஓட்டும் ஜிஸ்லேன் கண்ணாடியை இறக்கி ஆர்மெல்லைப் பார்த்து, ‘என்ன செய்ய?’ என்று கையை விரித்தாள். ஆர்மெல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்தது நீண்ட ஏற்றம். பெரிய மலையொன்றும் இல்லை, நாலு கிலோமீட்டர், நடுவில் ஒரு கொல்லன் பட்டறை, மேலே ஒரு சிலுவை. அந்த ஏற்றத்தில் லியோன்ஸ் மூன்று தடவை வரிசையிலிருந்து கழன்றான். மூன்று தடவையும் ஒக்தாவ் விசிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளி ஒட்டவைத்தான். அந்தச் சங்கத்தில் தள்ளுவது என்பது திருட்டுக்குச் சமம். ஆர்மெல் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கேப்டன் பார்த்ததாக ஆகிவிடும். நாம் எல்லோரும் சேர்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைக்கக்கூடச் சக்தியில்லாமல் விட்டுவிட்டாள்.

இறக்கத்தில் ஓர் ஊர். நூற்று நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர். கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. தெருவோரம் ஓட்டுக்கூரையின் கீழே, அந்தக் காலத்தில் பெண்கள் துணி துவைத்த நீளமான கல்தொட்டி, அதன் ஒரு கோடியில் ஊற்றுத் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. சரியாக அந்த இடத்தில் நோர்பேர் கையைத் தூக்கினான். “பஞ்சர்.”

நோர்பேர் தச்சன், ஆறடி ஆள், மனசு வெண்ணெய். ஆனால் அவனுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். காற்றைத் திறந்துவிட்டு டயரை நிஜமாகவே தட்டையாக்கி வைத்திருந்தான். முந்திய இருவரைவிடத் தான் கெட்டிக்காரன் என்று நினைப்பு. லியோன்ஸுக்கு முன்னால் போய்ப் பஞ்சராகக் கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் நாற்பது வருடமாக அந்தச் சங்கத்தில் யாருடைய சக்கரம் இறங்கினாலும் கை வைப்பது லியோன்ஸ்தான். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவன் எப்படியோ எழுந்து வந்தான்.

“குடு இப்பிடி.”

“வேணாம் லியோன்ஸ், புது டியூப் போட்டுடறேன். நீ உக்காரு.”

“முள்ளு எங்கன்னு பாக்காம புது டியூப் போடறவன் முட்டாள். அரை மணியில அதுவும் போகும். குடுடா.”

டயரைக் கழற்றினான், டியூபை உருவினான், காற்றடித்தான். கல்தொட்டியின் மறுகோடியில் முழங்காலிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பிடித்தான். ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்தினான். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அவ்வளவுதான் வித்தை. ஒரு சுற்று வந்தான். குமிழி வரவில்லை. கண் சரியில்லையோ என்று இன்னும் குனிந்து இரண்டாவது சுற்று வந்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

மூன்றாவது சுற்றைப் பாதியில் நிறுத்தினான். பதினாறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒக்தாவ்,” என்றான் லியோன்ஸ் திரும்பாமலே. “காலைல உனக்கு எதுல பஞ்சர்? முள்ளா, கண்ணாடியா?”

“அது... கண்ணாடின்னு நெனைக்கறேன்.”

“புளோரின், உனக்கு?”

புளோரின் அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

லியோன்ஸ் டியூபை உதறி, துடைத்து, திரும்ப மாட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து நோர்பேரிடம் கொடுத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆர்மெல்லிடம் வந்தான். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினான்.

“கேப்டன், வேன கூப்பிடுங்க.”

“லியோன்ஸ், இன்னும் அம்பத்தெட்டுதான். அடுத்தது பூரா இறக்கம். மெதுவாவே போலாம்.”

“எவ்வளவு மெதுவா?”

அவள் கண் ஹேண்டில்பார் கடிகாரத்துக்குப் போயிற்று.

“காலைலேர்ந்து இருபத்தொண்ணு ஓட்டற. எனக்குத் தெரியாதா? தெரியும். காத்து அதிகம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன். முதுகுல கை வச்சப்பவும் என்னவோ நெனச்சிக்கிட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு.” மூச்சு வாங்க நின்றான். “ஆனா பஞ்சர்ல பொய் சொல்லக் கூடாது, ஆர்மெல். நான் ஒருத்தர ரெண்டு பேர இல்ல, நாப்பது பேர வேன்ல ஏத்தியிருக்கேன். உன்னையும் ஒரு தடவ ஏத்தினேன். ரெண்டு வாரம் எங்கிட்ட நீ பேசல. அடுத்த வருஷம் வந்து ஓட்டி முடிச்ச. நான் அன்னைக்கு உன்னத் தள்ளி விட்டிருந்தா நீ வந்திருப்பியா?”

“நீ என்ன சொன்ன மார்ச்சுல? ஏத்தினா சைக்கிள விப்பேன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“அப்போ?”

“வித்தாலும் விப்பேன். எனக்கே தெரியல. ஆனா நாலு பேர் தூக்கிட்டுப் போறது பொணத்தத்தான். நான் இன்னும் அது இல்ல.” அட்டையை மறுபடியும் நீட்டினான். “பெண்டாட்டியா நிக்காத. கேப்டனா நில்லு.”

ஆர்மெல்லுக்குக் கோபம் வந்தது. கேப்டனாவது மண்ணாங்கட்டியாவது, இந்தக் கிழவன் செத்துப்போவான் என்றுதானே காலையிலிருந்து எலும்பு நோக ஓட்டுகிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை அவன் இறக்கவில்லை.

பேனாவை எடுத்தாள். அட்டையைத் தன் தொடைமேல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். மை சரியாக விழாமல் இரண்டாவது தடவையும் இழுக்க வேண்டியிருந்தது.

“ஏறுங்க,” என்றாள்.

ஜிஸ்லேன் அவன் சைக்கிளை வேனில் ஏற்றினாள். லியோன்ஸ் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே பார்த்தான். ஆர்மெல்லுக்கு அடுப்பங்கரைதான் ஞாபகம் வந்தது.

மிச்ச ஐம்பத்தெட்டு கிலோமீட்டரை அவள் இருபத்திரண்டரையில் ஓட்டினாள். பிசகவில்லை. பின்னால் ஒருவரும் பாடவில்லை, வழியில் வந்த ஊர்ப் பலகைகளைப் பார்த்து வழக்கமாகச் செய்யும் கேலியும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் அவள் வேன் பக்கம் போனபோது லியோன்ஸ் தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தான். தொந்தரவு செய்யாமல் திரும்பிவிட்டாள். அங்கிருந்து வேன் முன்னால் போய்விட்டது, முடிவிடத்து மண்டபத்தைத் திறந்து மேசை போட வேண்டும்.

முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து, முக்கால் மணி நேரம் தாமதம். யாரும் கைதட்டவில்லை. சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேக் தின்ன மண்டபத்துக்குள் போனார்கள். ஆர்மெல் நேரே வேனுக்குப் போனாள். முன்சீட் காலி. பின்னால் சைக்கிளும் இல்லை.

“எங்க அவன்?”

ஜிஸ்லேன் தட்டுகளைக் கீழே வைத்தாள். “இறங்கிட்டாரு.”

“எங்க?”

“வாய்க்கால் பாலத்துக்கிட்ட. இங்கேர்ந்து பதினாலு கிலோமீட்டர் இருக்கும். ‘நிறுத்து, சைக்கிள எடுத்துக் குடு’ன்னாரு. நம்ம ரோட்டுல போகல, வாய்க்கால் ஓரமா ஒரு பாதை இருக்கே, அதுல திரும்பிட்டாரு.”

“நீ விட்டுட்டியா?”

“எழுபது வயசு ஆம்பளைய நான் கட்டியா போட முடியும்? சொல்லிப் பாத்தேன் அக்கா. போன் கூட சீட்லயே கிடக்கு.”

போனைக் கையில் வாங்கி ஆர்மெல் நின்றாள். ஆளில்லாத பாதை, ஒரு பக்கம் தண்ணீர், நுரையீரல் பாதிதான் வேலை செய்கிற மனிதன். போய்ப் பார்க்கலாம் என்று சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டாள். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. இறங்கி, நொண்டி, மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். ‘வேன எடுக்கட்டுமா?’ என்று ஜிஸ்லேன் கேட்டாள். வேன் நுழையாத பாதை அது. ஒக்தாவ் வந்து பக்கத்தில் நின்றான். நோர்பேர் காப்பி கொண்டுவந்து வைத்தான், குடிக்காமல் ஆறியது. அட்டையில் கோடு போட்ட கை அவளுக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. போடாமல் விட்டிருந்தால்? விட்டிருந்தால் அந்த ஏற்றத்தின் மறுபக்கம் எங்கேயாவது விழுந்திருப்பான். போட்டதால் வாய்க்காலில் விழுந்து கிடக்கிறானோ என்னவோ. எது நடந்தாலும் பழி அவள் தலையில்தான்.

ஏழாகப் பத்து நிமிடம் இருக்கும்போது தெருக்கோடியில் அவன் வந்தான். பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. முகம் வெளுத்து, கால் மண்ணாகி, சட்டைப் பொத்தான் திறந்து கிடந்தது. படிக்கு முன்னால் இறங்கி, சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் நாசூக்காக உள்ளே போனார்கள்.

ஆர்மெல் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அங்க மதகுக்கிட்ட ஒரு அம்மா இருக்காங்க,” என்றான். “காப்பி குடுத்தாங்க. நாரைய காட்டினாங்க. நாலு நாரை, இந்த உசரம். எத்தன வருஷமா இங்க இந்தப் பாதை இருக்குன்னு கேட்டேன். இருநூறு வருஷமாம். சிரிச்சாங்க.”

“பதினாலு கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரமா?”

“ரெண்டு மணி நேரமா ஆச்சு?” உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். “நாலு தடவ உக்காந்தேன். ஒரு தடவ தூங்கிட்டேன்னு நெனைக்கறேன். முன்னாடி யாரும் இல்ல, பின்னாடி யாரும் இல்ல. நல்லா இருந்துச்சு.”

“சைக்கிள விக்கலையா அப்போ?”

“எதுக்கு விக்கணும்? செவ்வாக்கிழமை மறுபடி போறேன்.”

ஆர்மெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து, ஏன், ஜனவரியிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. உடம்பில் இருந்த அத்தனை களைப்பும் அதோடு சேர்ந்து அவிழ்ந்தது. “நானும் வரேன்,” என்றாள்.

லியோன்ஸ் யோசித்தான். அவளைச் சீண்டுவதற்காக இல்லை, நிஜமாகவே யோசித்தான். அவன் சைக்கிளை விட்டுவிடுவான் என்று நான்கு மாதமாகப் பயந்தவளுக்கு, தன்னை விட்டுவிட்டுப் போவான் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

“செவ்வாக்கிழமை வேணாம்,” என்றான். “வியாழக்கிழமை வா.”